ஐசியூவில் அப்பா, கிரியேட்டினின் ஏறுகிறது, டயலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். காத்திருப்பது சரியா?

வெலிமடை மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியில் வெளியே பெஞ்சில் இருந்துகொண்டு போனில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

அப்பாவுக்கு 56 வயது. வெலிமடைப் பக்கம் குத்தகைக் காணியில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுகிறார். மழைக்கு அடைபட்டுக் கிடந்த கானைத் துப்புரவாக்க இறங்கினார், காலில் பூட்ஸ் இல்லை, ஏற்கெனவே குதிகால் வெடித்துப் புண்ணாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் போயிருக்கும், காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் தொடவே முடியாத வலி, கண் இரண்டும் சிவந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று பார்மசியில் டைக்ளோபினக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனார். பிறகு சத்தி, சிறுநீர் குறைவு, எழும்பி நடக்க முடியாத களைப்பு. பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஐசியூவில் இருக்கிறார். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல், கிட்னியும் ஈரலும் அடிபட்டிருக்கிறது என்று சொன்னார்கள். பிரஷர் நிற்பதற்காக நோரட்ரினலின் ஓடுகிறது, மாஸ்க்கில் ஒக்சிஜன் கொஞ்சமாகப் போகிறது, மெஷினில் மூச்சு வைக்கவில்லை. பேசினால் கண்ணைத் திறந்து பதில் சொல்கிறார்.

கிரியேட்டினின் வரும்போது 2.9, அடுத்தது 3.8, இன்றைக்கு 5.2. பிளட் யூரியா 168. பொட்டாசியம் 4.4. சிறுநீர் நேற்று முழு நாளைக்கும் 900 மில்லிலீட்டர் என்று நேர்ஸ் சொன்னார். டொக்டர் சொல்வது, "இப்போது டயலிசிஸ் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம், தேவை வந்தால் போடுவோம்" என்பதுதான்.

எங்கள் மாமா விடுவதாக இல்லை. எண் இப்படி ஏறும்போது பார்த்துக்கொண்டு நிற்பது என்ன வைத்தியம், மெஷின் கிடைக்காமல் சாக்குச் சொல்கிறார்கள், நகையை அடகு வைத்தாவது கொழும்பில் பிரைவேட்டுக்குக் கொண்டுபோவோம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஒருமுறை டயலிசிஸ் போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், கையெழுத்து வைக்காதே என்று அம்மாவைப் பயப்படுத்தியிருக்கிறார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் அழுதுகொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இந்தக் காத்திருப்பு சரியா? எதுவரைக்கும் காத்திருக்கலாம்?

மலைநாட்டு மெடிசின் எழுதியது:

தங்கச்சி, நான் மெடிக்கல் வாட்டிலும் ஐசியூவிலும் வேலை செய்பவன். அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் டொக்டர்மாருக்கு மேலாக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் தந்த கணக்கை வைத்துப் பார்த்தால் அவர்கள் எடுத்திருக்கும் முடிவு இன்றைக்கு உலகம் முழுவதும் பெரும்பாலான ஐசியூக்களில் எடுக்கும் முடிவுதான். சாக்கு என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மாமாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் கிரியேட்டினின். எல்லாரும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறோம், ஆனால் 5 அல்லது 6 கிரியேட்டினின் என்பதற்காக ஒரு ஆள் சாவதில்லை. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஒரு அடையாளம் அது, அதுவும் பிந்திக் காட்டும் அடையாளம். கிட்னி உள்ளுக்குள் தேறத் தொடங்கிய பிறகும்கூட இன்னும் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். கிட்னி நின்றுபோனால் ஆளைக் கொல்வது வேறு விஷயங்கள்: பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறுவது, இரத்தத்தில் அமிலம் கூடுவது, தண்ணீர் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டுவது, யூரியா மிக அதிகமாகி மூளை மங்குவது. டொக்டர்மார் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருப்பது இவற்றைத்தான்.

சீக்கிரம் போட்டால் நல்லதுதானே என்று நாங்களும் நீண்ட காலம் நினைத்தோம், நியாயமான நினைப்புத்தான். 2016 இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இரண்டும் எதிரெதிராகச் சொல்லின. ஜேர்மனியில் ஒரே ஆஸ்பத்திரியில் 231 பேரை வைத்துச் செய்த எலைன் ஆய்வில் சீக்கிரம் தொடங்கியவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 39, பிந்தித் தொடங்கியவர்களில் 55. அதில் பெரும்பாலானவர்கள் ஒப்பரேஷனுக்குப் பின் வந்தவர்கள், அதிலும் நிறைய இதய ஒப்பரேஷன். அதே வருடம் பிரான்ஸில் 31 ஐசியூக்களில் 620 பேரை வைத்துச் செய்த அகிகி ஆய்வில் 60 நாளுக்குள் இறந்தவர்கள், சீக்கிரம் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 48.5, காத்திருந்தவர்களில் 49.7, அதாவது வித்தியாசமே இல்லை. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. காத்திருந்த பிரிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, நூற்றுக்கு 49 பேருக்கு, கடைசிவரை டயலிசிஸ் தேவைப்படவே இல்லை. அந்த ஆய்வில் எல்லாருக்கும் கிட்னிப் பாதிப்பு மிகக் கடுமையான மூன்றாம் கட்டத்தில்தான் இருந்தது, பெரும்பாலானவர்கள் உங்கள் அப்பாவைப் போல வென்டிலேட்டரில்லாமல் பேசிக்கொண்டிருந்தவர்களும் அல்ல. அதோடு, சீக்கிரம் போட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு இரத்தக் குழாயில் வைக்கும் லைன் வழியாக இரத்தத்தில் கிருமி ஏறியது, காத்திருந்தவர்களில் 5 பேருக்கு.

2018 இல் கிருமி தாக்கிப் பிரஷர் விழுந்தவர்களை மட்டும் எடுத்து இன்னொரு ஆய்வு, ஐடியல் ஐசியூ என்று பெயர். அதிலும் பலன் இல்லை, இறந்தவர்கள் சீக்கிரம் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 58, காத்திருந்தவர்களில் 54, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு கண்டிப்பான செய்தியும் இருக்கிறது, காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அவசரமாக டயலிசிஸ் போட வேண்டி வந்தது. கடைசியில் 2020 இல் ஸ்டார்ட் ஏகேஐ, 15 நாடுகள், 168 ஆஸ்பத்திரிகள், 3000 பேருக்கு மேல். 90 நாளில் இறந்தவர்கள் 43.9 க்கு 43.7. ஆனால் உயிர் தப்பியவர்களில் 90 நாள் கழிந்த பிறகும் டயலிசிஸில் இருந்தவர்கள், சீக்கிரம் தொடங்கிய பிரிவில் நூற்றுக்கு 10.4, தேவை வரும்வரை காத்திருந்த பிரிவில் 6.0. இந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். இரத்தத்தை மெஷினுக்கு இழுக்கும்போது பிரஷர் விழலாம், விழும் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே அடிபட்ட கிட்னிக்கு இரத்தம் குறைகிறது, தேற வேண்டியது மறுபடி அடிவாங்குகிறது. ஏற்றும் அன்டிபயோட்டிக்கில் ஒரு பகுதியும் மெஷினில் வெளியேறிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போட்டால் இரத்தக்கசிவு பயமும் உண்டு, எலிக்காய்ச்சலில் பலருக்கு இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் குறைந்திருக்கும்.

சரி, எதுவரைக்கும் காத்திருக்கலாம் என்று கேட்டீர்கள். முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிட்டது. அதே பிரெஞ்சுக் குழு 2021 இல் அகிகி இரண்டு என்று செய்தது. யூரியா லீட்டருக்கு 50 மில்லிமோல் வரும்வரைகூடப் பொறுத்துப் பார்த்தார்கள், நன்மை எதுவும் இல்லை, இறப்புக் கூடுவதற்கான அறிகுறிதான் தெரிந்தது. ஆகவே கோடுகள் ஏறக்குறைய இப்படி: மருந்து கொடுத்தும் பொட்டாசியம் 6 க்கு மேல் நின்றால், இரத்தத்தில் அமிலம் கூடுவதைக் காட்டும் பிஎச் 7.15, 7.2 க்குக் கீழே போனால், நெஞ்சில் தண்ணீர் சேர்ந்து ஒக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால், யூரியா 40 மில்லிமோல் தாண்டினால், அல்லது சிறுநீர் மிகக் குறைவாகவே மூன்று நாள் கடந்துவிட்டால், அதற்கு மேல் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். 40 மில்லிமோல் என்பது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அளவில், அதாவது டெசிலீட்டருக்கு மில்லிகிராமில், 240 வரும். அப்பாவுக்கு 168. சில லாப் யூரியா நைதரசனை மட்டும் எழுதும், அந்த எண் பாதிக்கும் குறைவாக இருக்கும், ஆகவே வேறு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

எலிக்காய்ச்சலைப் பற்றி இரண்டு விஷயம். இந்த நோயில் கிட்னி அடிபட்டாலும் பலருக்குச் சிறுநீர் ஓரளவு போய்க்கொண்டே இருக்கும், பொட்டாசியமும் பெரிதாக ஏறாது, சிலருக்கு இறங்கியே இருக்கும். அப்பாவின் 900 மில்லிலீட்டரும் 4.4 உம் அதே போக்குத்தான். தப்பியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிட்னி நன்றாகவே திரும்பிவிடும். இரண்டாவது, இதைக் கவனமாக வாசியுங்கள், எலிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கினால் கதை மாறும். பிரேசிலில் 33 பேரை வைத்து 2007 இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, எலிக்காய்ச்சலோடு நுரையீரலும் கெட்டு ஐசியூவுக்கு வந்தவர்கள். பிந்தித் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் டயலிசிஸ் செய்த காலத்தில் நூற்றுக்கு 67 பேர் இறந்தார்கள், வந்த உடனே தொடங்கித் தினமும் செய்த காலத்தில் 17 பேர். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் ஒப்பிட்டது, ஆனாலும் இந்த நோயைப் பார்க்கிற எவரும் அதை மறப்பதில்லை. அதனால் அப்பாவுக்கு மூச்சு மோசமாகி, இருமலில் இரத்தம் வந்தால், நேற்று வேண்டாம் என்ற அதே டொக்டர் இன்றைக்கு உடனே போட வேண்டும் என்பார். அப்போது "நேற்று வேறு மாதிரிச் சொன்னீர்களே" என்று சண்டைக்குப் போகாமல் கையெழுத்தை வையுங்கள்.

பண்டாரவளை அண்ணன் எழுதியது:

டொக்டர் எழுதியது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் நான் பார்த்தது வேறு. என் மச்சானுக்குத் தேயிலை கவ்வாத்து வெட்டுகிற மலையில் விரியன் பாம்பு கடித்தது. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெயர் சொல்லவில்லை. விஷமாற்று ஊசி போட்டார்கள், இரத்தம் உறைவது சரியாகிவிட்டது என்றார்கள், சிறுநீர் மட்டும் போகவில்லை. நாங்கள் கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம், நாளைக்கு இரத்தம் செக் பண்ணுவோம்" என்றுதான் பதில் வந்தது. பையில் அடியில் கொஞ்சம் கறுப்பாகக் கிடந்ததை நானே கண்ணால் பார்த்தேன், மறுநாள் காலையிலும் அதே அளவில்தான் கிடந்தது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான், அதுவும் இரவில், மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மழை, பனிமூட்டம், வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து ஒரு பக்கத்தால்தான் வாகனம் விட்டார்கள். போய்ச் சேரும்போதே நாடி விட்டுவிட்டுத்தான் இருந்தது. பொட்டாசியம் எட்டுக்குக் கிட்ட என்று அங்கே சொன்னார்கள். விடியவில்லை, போய்விட்டான். இரண்டு பிள்ளைகள்.

பிரான்ஸில் காத்திருப்பதும் எங்கள் மலையில் காத்திருப்பதும் ஒன்றா? தங்கச்சி, உங்கள் மாமா சொல்வதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

மலைநாட்டு மெடிசின் எழுதியது:

அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில், இல்லை, இரண்டும் ஒன்றல்ல. நான் மேலே எழுதாமல் விட்டதும் இதைத்தான், எழுதியிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

அந்த ஆய்வுகளில் காத்திருந்தவர்கள் எல்லாரும் மெஷின் இருக்கிற ஐசியூவுக்குள்ளேயே காத்திருந்தார்கள். பொட்டாசியம் கோட்டைத் தாண்டியது என்று லாப் சொன்னால் கொஞ்ச நேரத்தில் லைன் போட்டு இரத்தம் மெஷினில் ஓடத் தொடங்கும். அந்த நம்பிக்கையில்தான் காத்திருப்பு பாதுகாப்பாக இருந்தது. மெஷின் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு அதே பொட்டாசியம் 6 க்காகக் காத்திருந்தால், அந்த 6 வருகிற நேரத்தில் நோயாளி எங்கோ ஒரு வளைவில் அம்புலன்ஸுக்குள் இருப்பார். ஹப்புத்தளை இறக்கமோ, றம்பொடைப் பாதையோ, மழைக் காலத்தில் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நம் பக்கத்தில் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. டயலிசிஸ் எப்போது தொடங்குவது என்பது ஒன்று, அதைப் பொறுமையாகத் தீர்மானிக்கலாம். ஆளை எப்போது அனுப்புவது என்பது மற்றது, அதில் பொறுமை கூடாது. ஆறு மணி நேரம் சிறுநீர் எடைக்கு ஏற்ற அளவில் போகவில்லை, அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிலீட்டருக்குக் கீழே, சேலைன் கொடுத்தும் பிரஷர் ஏற்றியும் அசையவில்லை, கிரியேட்டினினும் ஏறுகிறது என்றால், பொட்டாசியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பகல் வெளிச்சத்திலேயே ஆளை ஏற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. போன இடத்தில் டயலிசிஸ் போடாமலே தேறி வீட்டுக்கு வந்தால் நல்லதுதானே, வீணாக அனுப்பினோம் என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

பாம்புக்கடியில் இன்னும் கவனம் தேவை. விரியன் விஷம் கிட்னியை நேரடியாகவே தாக்கும், இரத்தம் உறைவது சரியாகிவிட்டது என்பதால் கிட்னியும் தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. தேயிலை மலைகளில் அதிகம் கடிக்கிற, சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சின்ன விரியனும் சிலருக்குக் கிட்னியைக் கெடுத்துவிடும், நம்மிடம் இருக்கிற இந்திய விஷமாற்று ஊசி அதற்கு வேலை செய்யாது. அது கடித்தவருக்கு ஊசி போடவில்லையே என்று சண்டை பிடிப்பதைவிட, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

அனுப்பும் முன்பும் வழியிலும் செய்ய வேண்டியவை உண்டு. பொட்டாசியம் ஏறியிருந்தால் கல்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், சல்பியூட்டமோல் நெபுலைசர். இவை நேரத்தை வாங்கித் தரும், சில மணி நேரம்தான், பொட்டாசியத்தை உடம்பை விட்டு வெளியேற்றாது. அமிலம் கூடியவர்களுக்கு பைகார்பனேட் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றும் 2018 இல் வந்தது, 389 பேர், அதில் கிட்னியும் அடிபட்டிருந்தவர்களுக்கு இறப்பும் குறைந்தது, டயலிசிஸ் தேவையும் குறைந்தது.

வெலிமடைத் தங்கச்சி, நீங்கள் இப்போது இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில். அதனால் டொக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இன்றைக்கு இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு டயலிசிஸ் தேவைப்பட்டால் இங்கேயே போட முடியுமா, இல்லையென்றால் எங்கே, எப்படி?" இதற்குத் தெளிவான பதில் வந்தால் காத்திருங்கள். பதில் இழுபட்டால், இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

டயலிசிஸ் யுனிட் அக்கா எழுதியது:

நான் கண்டிப் பக்கம் டயலிசிஸ் யுனிட்டில் நேர்ஸாக இருக்கிறேன். பெரியம்மா சொன்ன வாழ்நாள் முழுக்க என்ற கதைக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன், இந்தப் பயத்தால் கையெழுத்து வைக்காமல் நேரத்தை ஓட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சீனி வருத்தத்தால் வருடக்கணக்கில் கெட்டுப்போன கிட்னி வேறு, எலிக்காய்ச்சலில் திடீரென்று நின்ற கிட்னி வேறு. முதலாவது ஆட்களுக்குத்தான் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, தொடர்ந்து. இரண்டாவது ஆட்களுக்குக் கிட்னி விழிக்கும்வரை மட்டும். சில தடவைகளோடு நிற்கும், சிலருக்குக் கிழமைக் கணக்கில் போகும், பிறகு லைனைக் கழற்றிவிடுவோம். டயலிசிஸ் போட்டதால் கிட்னி நிரந்தரமாக நிற்பதில்லை. டொக்டர் மேலே சொன்ன 6 பேர், 10 பேர் கணக்கு உண்மைதான், ஒரு சிலருக்குத் திரும்பாமல் போவதும் உண்டு, அதனால்தான் தேவையில்லாமல் போடுவதில்லை. தேவை வந்த பிறகு போடாமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

போடுவது என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அம்மாவுக்குப் பயம் குறையும். கழுத்திலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஏறக்குறைய ஒரு சாண் நீளமான குழாய் ஒன்று வைப்பார்கள், வெளியே இரண்டு வாய் தெரியும், ஒன்றில் சிவப்பு மூடி, மற்றதில் நீல மூடி. முதல் தடவை இரண்டு மணி நேரம் மாதிரி, மெதுவாகத்தான் ஓட்டுவோம், யூரியாவை ஒரேயடியாக இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம். நோரட்ரினலின் ஓடுகிற ஆளுக்கு இன்னும் மெதுவாக, எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் என்று நீட்டி ஓட்டுவது உண்டு. பிரஷர் கஃப் அடிக்கடி இறுகும், விழுந்தால் இழுக்கிற தண்ணீரை நிறுத்துவோம், மருந்தைக் கூட்டுவோம். நேர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். மெஷின் இல்லாத இடத்தில் வயிற்றில் குழாய் வைத்துத் திரவம் விட்டு எடுக்கிற முறையும் இருக்கிறது, பழைய முறை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், திடீர்க் கிட்னிப் பாதிப்புக்கு அதுவும் ஏற்ற வழிதான் என்று சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது, பிரஷர் குறைந்தவர்களுக்கு உதவியாகவும் இருக்கும்.

இன்னொன்று. தயவுசெய்து சாப்பாட்டுக் கூடைக்குள் செவ்விளநீரும் தோடம்பழச் சாறும் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். உடம்புச் சூடு தணியும் என்று அன்பாகத்தான் கொண்டுவருவார்கள், கிட்னி நின்ற ஆளுக்கு அது பொட்டாசியம். காமரங்காய்ச் சாறு, பிலிங் சாறு குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், நல்ல கிட்னியையே அடைக்கக்கூடிய உப்பு அதில் இருக்கிறது. வாட்டில் கேட்காமல் ஒரு மிடறும் கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒருவர் மட்டும், ஒரே நேரத்தில், டொக்டரிடம் பேசுங்கள். மாமா ஒரு தடவை, சித்தப்பா ஒரு தடவை, கொழும்பிலிருந்து போனில் ஒருவர் என்று கேட்டால் ஆளுக்கொரு பாதிதான் காதில் விழும், வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பேராதனை மாணவன் எழுதியது:

டொக்டர் அண்ணா, ஒரு சந்தேகம். காத்திருக்கும்போது யாருக்குத் தானாகத் தேறும், யாருக்குத் தேறாது என்று முன்கூட்டியே பார்க்க வழி இல்லையா? சிறுநீர் போக வைக்கும் லேசிக்ஸ் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று வாட் ரவுண்டில் கேள்விப்பட்டேன்.

மலைநாட்டு மெடிசின் எழுதியது:

உண்டு தம்பி. நீர்ச்சத்துக் குறையாத ஆளுக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம், முன்பே லேசிக்ஸ் எடுத்தவருக்கு 1.5 என்று ஒரே தடவையாக ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். 200 மில்லிலீட்டருக்குக் குறைவாகப் போனால் கிட்னி இன்னும் மோசமாகப் போவதற்கு வாய்ப்புக் கூட. அது ஒரு சோதனை மட்டும்தான், லேசிக்ஸ் கிட்னியைத் தேற்றுவதில்லை, சிறுநீர் வந்துவிட்டது என்று அதையே தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருந்து அனுப்பும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. வரண்டு கிடக்கிற ஆளுக்கு இதைச் செய்தால் கெடுதல்தான்.

வெலிமடை மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பண்டாரவளை அண்ணா, உங்கள் மச்சானை நினைத்து அம்மா இங்கே அழுதார்.

மெடிசின் டொக்டர் இங்கே சொன்னபடியே ஐசியூ டொக்டரிடம் கேட்டேன். கேள்வியை அப்படியே கேட்டதும் அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி விளக்கினார். மெஷின் இதே ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம், இரவிலும் ஆளைக் கூப்பிடலாமாம், கிட்னி டொக்டருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்களாம், சிறுநீர் சார்ட்டையும் காட்டினார். கிரியேட்டினின் இன்றைக்கு 5.6, ஆனால் சிறுநீர் 1200 க்கு வந்திருக்கிறது, பொட்டாசியம் 4.1, நோரட்ரினலினைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு இன்னும் கொழும்பு நினைப்புப் போகவில்லை. பிரைவேட் அம்புலன்ஸ் பேசி வைத்திருக்கிறார். கொண்டுபோனால் ஏதாவது நன்மை இருக்கிறதா?

மலைநாட்டு மெடிசின் எழுதியது:

கொண்டுபோக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரஷர் மருந்து ஓடுகிற ஆளை ஊவாவிலிருந்து கொழும்புக்கு மலை இறக்கி, ஐந்தாறு மணி நேரம் குலுக்கிக் கொண்டுபோய், அங்கேயும் இதே கணக்கைப் பார்த்து இதே பதிலைத்தான் சொல்லப்போகிறார்கள். வழியில் சிரிஞ்ச் பம்ப் ஒன்று நின்றாலோ லைன் ஒன்று கழன்றாலோ கிட்னிக்கு மறுபடி அடி. மெஷின் இல்லாத இடத்தில் அப்பா இருந்திருந்தால் நானே அம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லியிருப்பேன். இப்போது மெஷின் அதே கூரையின் கீழ் இருக்கிறது. அந்தக் காசை வைத்திருக்கச் சொல்லுங்கள், அப்பா வீட்டுக்கு வந்தாலும் சில மாதம் காணியில் இறங்க முடியாது.

கிரியேட்டினின் 5.6 ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், மற்ற எல்லாம் சரியான பக்கம் போகிறது. அடுத்த சில நாளில் சிறுநீர் நான்கு, ஐந்து லீட்டர் என்று கொட்டத் தொடங்கலாம், தேறும் கிட்னியின் போக்கு அது, வடிகட்டத் தொடங்கிவிட்டது, உடம்புக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைக்க இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். அப்போது சேலைனைக் கூட்டுவார்கள், பொட்டாசியம் இறங்கினால் அதையும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்குக்குத் தவறாமல் போங்கள், மூன்று மாதத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். டைக்ளோபினக் மாதிரி வலி மாத்திரை எதுவும் இனி டொக்டரைக் கேட்காமல் வேண்டாம், பார்மசியில் கேட்டால் கிட்னி வருத்தம் வந்தது என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், அதே கானில் அப்பாவோடு வேறு யாராவது இறங்கினார்களா? தம்பியோ சித்தப்பாவோ கூலிக்கு வந்தவர்களோ இறங்கியிருந்தால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கானில் இறங்கினோம் என்று சொல்லச் சொல்லுங்கள். இன்னும் காய்ச்சல் வராதவர்கள் உங்கள் பகுதி பிஎச்ஐ மகாத்தயாவை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்க்கட்டும், சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு தடுப்பு மருந்தாக டொக்சிசைக்ளின் கொடுக்கும் ஏற்பாடு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் இருக்கிறது, காசு இல்லை. இன்றைக்கே போன் பண்ணுங்கள்.

வெலிமடை மகள் எழுதியது:

தம்பி இறங்கினான். இரண்டு நாளாகத் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், வெயிலில் நின்றதால் என்று விட்டுவிட்டோம். மாமா இப்போதே பைக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார்.